மாவரைக்கிற இடத்தில் ஒரு ஸ்பீக்கர்

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்று அவர் முன்னால் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் முகம் சுருங்கிவிடும். எடை போடும்போது கடைக்காரர் காரணமில்லாமல் சிரித்தால் நமக்கு ஒரு சந்தேகம் வருமே, அந்தச் சந்தேகத்தோடு நம்மைப் பார்ப்பார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "சரி, ஊருக்குப் போயி பாக்கலாம்" என்பார்.

முதல் தடவை இதைக் கேட்டபோது நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். எந்த ஊர், எத்தனை மணி பஸ் என்று கேட்கிற தைரியம் வரவில்லை. புதிதாக வந்திருந்தேன்.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. அதன் முன்னறைதான் அவருடைய ரெக்கார்டிங் ஸ்டுடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை, கதவில் பழைய மெத்தை. ரயில் போனால் பாட்டை நிறுத்த வேண்டும், போனபிறகு விட்ட இடத்திலிருந்து பிடிக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மெல்லிசைக் குழு அம்மன் பாட்டுக் கேசட்டுகளுக்கு அங்கேதான் பாடியது. நான் கல்பாக்கத்தில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். சனி, ஞாயிறில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வந்து கோரஸ் பாடுவேன். சொந்த ஊர் மதுரை என்பதால் அவருக்கு நான் 'மதுரை'. கடைசிவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் அவரை 'அண்ணன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த முதல் தடவை இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து, நாங்கள் பாடியதைக் கேட்டேன். உடுக்கை ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம், நாங்கள் தலைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சினிமா மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்.

ஊர் என்பது அந்த வீட்டின் சமையலறை. அங்கே கிரைண்டருக்கு மேலே ஓர் ஆணியில், ஏதோ பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஒற்றை ஸ்பீக்கர் ஒரு மரப்பெட்டிக்குள் தொங்கியது. பெட்டி முழுக்க உளுந்து மாவு தெறித்துக் காய்ந்திருந்தது. ஸ்டுடியோவில் இடதாகவும் வலதாகவும் பிரிந்து கேட்பதையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, ஒரே ஒயரில் அந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். அண்ணி, அதாவது அவர் மனைவி, அரிசி போட்டு அரைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசற்படியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே என் சினிமா, மூக்கடைத்தவன் பாடுவதுபோல் வந்தது.

"இங்க எதுக்குண்ணே கேக்கணும்?" என்றேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது.

"மதுரை, கோயில்ல கொழா ஸ்பீக்கரு கட்றான். பத்து கம்பத்துல கட்னாலும் பத்தும் ஒரே மாதிரிதான் பாடும். டீக்கடையில இன்னா கீது? ஒரு ரேடியோ, ஒரு ஸ்பீக்கரு. லெஃப்டாவது ரைட்டாவது. எல்லாம் ஒண்ணாக் கூடித்தான் ஊருக்குப் போவுது. கூடும்போது எது காணாப் போவுதுன்னு பாக்கவாணாம்?"

"கூடினா சத்தம் அதிகமாத்தானே ஆகும்? எப்படிக் காணாமப் போகும்?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. என்னைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். இந்தப் பக்கம் அவர். "தள்ளு" என்றார். தள்ளினேன். அவரும் தள்ளினார். கதவு நின்ற இடத்தில் நின்றது.

"உனக்கு வேர்க்குது, எனக்கும் வேர்க்குது. கதவு நவுந்துச்சா? ஒரே குரலு லெஃப்டுல முன்னாடி தள்ளுது, ரைட்டுல பின்னாடி தள்ளுதுன்னு வெச்சிக்கோ. ரெண்டு ஸ்பீக்கருல தனித்தனியா கேட்டா நல்லா பரந்து விரிஞ்சி ஜம்முன்னு கேக்கும். ஒண்ணாக் கூட்னா பூஜ்யம். ஒரு ஒயரு மாத்தி பத்த வெச்சாப் போதும்."

அண்ணி கிரைண்டரை நிறுத்தாமலே, "அந்தப் பொண்ணைக் கதவுல வெச்சி நசுக்காதீங்க" என்றார். வருகிறவர்கள் எல்லாரையும் அண்ணன் அந்தக் கதவில் நிறுத்தியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கீல் தளர்ந்திருந்ததற்குக் காரணமும் தெரிந்தது.

அவருடைய உலகம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்: தனித்தனியாக நன்றாக இருப்பது, சேர்ந்தால் நன்றாக இருக்குமா? இட்லிக்குச் சட்னியும் சாம்பாரும் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் இட்லியை அணையாக வைத்துச் சாப்பிடுவார். கடைசியில் ஒரு விள்ளலை மட்டும் இரண்டிலும் தோய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டித் தீர்ப்புச் சொல்வார். தெருவில் யார் கூட்டு வியாபாரம் தொடங்கினாலும் அவருக்குத் தூக்கம் கெட்டது. எனக்குக் கல்யாணம் ஆகி, கணவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காப்பி கொடுத்து உட்காரவைத்தார். முதலில் அவரைத் தனியாக மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்ப் பேசினார், பிறகு என்னிடம் பேசினார், பிறகு இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து எதிரில் அமர்ந்துகொண்டார்.

"தனித்தனியா ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுறீங்க. ஒண்ணா உக்காந்தா ரெண்டு பேரு வாயையும் காணமே" என்றார். என் கணவருக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காமல் போனதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் ஒரு விஷயம் அவரே கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாரே, முழுக்க மூடுவதில்லை. ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணிக்கு ஒரு பழக்கம். வேலை செய்துகொண்டே, பெட்டியில் வருகிற பாட்டோடு கூடவே பாடுவார். இரண்டாம் தடவை ஓடும்போதே மெட்டு பிடிபட்டுவிடும். பெட்டியில் ஏதாவது ஒரு குரல் மங்கிப்போனால், அண்ணி அந்த இடத்தைத் தன் குரலால் நிரப்பிவிட்டு, "இங்க பாட்டு எங்க போச்சி?" என்பார். உடனே அண்ணன் ஸ்டுடியோவுக்கு ஓடி, எந்த ஒயர் தலைகீழ், எந்த மைக் எதோடு முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று தேடுவார். அவ்வளவு பெரிய பரிசோதனைக்கு அவர் வைத்திருந்த கருவி, பெட்டி பாதி, அண்ணி பாதி.

இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "அவ சும்மா மொணமொணத்துகினு இருப்பா" என்பார்.

சும்மா மொணமொணப்பது இல்லை அது. எங்கள் குழுவில் யாருக்கும் அப்படி ஒரு குரல் இல்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உப்புக்காற்றில் வளர்ந்த குரல், நீளமாக இழுத்தாலும் நடுங்காது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு கிராமம் அண்ணிக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஊர் அம்மன் கோயிலில் ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது பாடுவது அவர்தானாம். ஆனால் மைக்கைப் பார்த்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அண்ணன் கல்யாணமான புதிதில் ஒருமுறை முன்னால் நிறுத்தியிருக்கிறார். அண்ணி மைக்கைப் பார்த்தார், அதைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அண்ணியின் அண்ணன், அந்த ஊர்க் கோயிலின் தர்மகர்த்தா, ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆடித் திருவிழாவுக்குப் புதிதாக ஒரு கேசட் வேண்டும், யாரையாவது பாடவைத்துக் கொடுங்கள் என்றார். நாங்கள் எல்லாரும் இருந்தோம். எழுந்து போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஊரு ஒலகத்துல யாரு வந்தாலும் பாட வெச்சி டேப்பு எடுக்குற மாப்ள. எங்க வூட்டுப் பொண்ணு பாடிக்கினு இருந்துச்சி. உன் வூட்டுக்கு வந்து வாய மூடிக்கிச்சி."

கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் சுட்டது. அண்ணன் அன்றைக்கு ஊருக்கும் போகவில்லை, எந்த ஒயரையும் தொடவில்லை. மறுநாள் அண்ணியிடம், "இந்தக் கேசட்டு நீதான் பாடுற" என்றார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஊரில், அந்தக் கம்பத்தில், தன் குரல் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

அண்ணனுக்கு வேறு வழி தெரியவில்லை, மைக்கைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவில் அதைச் செருகி, மேலே ஒரு கரித்துணியைப் போட்டு மறைத்தார். கிரைண்டர் ஓடக் கூடாது, மேலே தொங்குகிற பெட்டியும் சத்தம் போடக் கூடாது என்று அதன் ஒயரைக் கழற்றிவிட்டார். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே பாடினார். நடுவில் ஒரு ரயில்கூட வரவில்லை. நான் அந்த வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

இனி நடந்தது அண்ணனின் கதையிலேயே நடந்திருக்கக் கூடாத விஷயம்.

சென்னையிலிருந்து எங்களோடு வந்து வாசிக்கும் கீபோர்டுக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியை அங்கே விட்டுப் போயிருந்தார். எந்தக் குரலை அதன் வழியாக விட்டாலும் அறை முழுக்க விரிந்து கேட்கும். ஒரு வருஷமாக அண்ணன் அதைக் கேலி செய்துகொண்டிருந்தார். "இது பாட்டைப் பெருசாக்காது. ஒரே குரலை ரெண்டாக்கி ஒண்ண தலைகீழா நிக்க வெக்கும். ஊருக்குப் போனா ஒண்ணும் தங்காது" என்று அதன்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டிருந்தார். டீ டம்ளரின் வட்டம் வட்டமான கறை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அண்ணியின் குரலைக் கலக்க உட்கார்ந்த அன்று, டம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெட்டியைப் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் கொஞ்சமாகத் திருகினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். அப்புறம் முழுக்க. கல்யாணமான இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் செய்ய நினைத்தார் என்று தோன்றுகிறது. அண்ணியைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரவைத்தார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அண்ணியின் குரல் கடல் பக்கத்துக் காற்றுமாதிரி எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. அண்ணி அழுதார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று மாறி மாறிச் சொன்னோம்.

அவர் முகம் சுருங்கவில்லை. 'ஊருக்குப் போயி பாக்கலாம்' என்று சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தாலும் யாரை வைத்துப் பார்ப்பது? சமையலறையில் ஆள் இல்லை. கிரைண்டர் காலியாக இருந்தது, பெட்டியின் ஒயர் கழன்று தொங்கியது, கூடப் பாடுகிற ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேசட் அப்படியே பிரதி எடுக்கப் போய்விட்டது.

திருவிழாவைச் சொல்வதற்கு முன்னால், பின்னாளில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவர் ஊருக்குப் போகிற பழக்கத்தை இதோடு விட்டுவிட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். கம்ப்யூட்டர் வந்தபிறகு, நாவலூரில் வேலை பார்க்கிற ஒருவர் தான் சொந்தமாகப் போட்ட பாட்டை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு முள் ஆடும். நடுவுக்கு வலப்பக்கம் நின்றால் பாட்டு கூடினாலும் தங்கும், இடப்பக்கம் சாய்ந்தால் காணாமல் போகும். "செக் பண்ணிட்டேண்ணா, எல்லாம் சரியா இருக்கு" என்றார் அவர், மரியாதையாகத்தான். அண்ணன் கேட்கவில்லை. சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். அண்ணி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கூடவே பாடிவிட்டு, "நல்லாத்தான் கீது, அந்தத் தம்பிய சாப்ட்டுட்டுப் போவ சொல்லுங்க" என்றார். முள்ளும் அண்ணியும் ஒரே தீர்ப்பு. அண்ணனுக்குத்தான் ஏமாற்றம். "இருக்கட்டும். அந்த முள்ளு கூடப் பாடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். ஆடி ஞாயிறு, நல்ல வெயில். சவுக்குக் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கோயிலுக்கு முன்னால் பெரிய அண்டாக்களில் கூழ். அண்ணி புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டா பக்கத்தில் நின்று சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் வெள்ளைச் சட்டையில். பார்க்கிறவர்களிடமெல்லாம், "இப்போ போடுவான் பாரு, நம்ம வூட்ல பாடினது" என்று சொல்லியாகிவிட்டது. தர்மகர்த்தா நாற்காலியைக் கம்பத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மைக்செட்காரர் கேசட்டைப் போட்டார். உடுக்கை வந்தது. நாதஸ்வரம் வந்தது. அண்ணியின் குரல் வர வேண்டிய இடத்தில், தூரத்துக் கிணற்றுக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல ஏதோ கேட்டது. அவ்வளவுதான். அதற்கப்புறம் கோரஸ், அதாவது நாங்கள், கணீரென்று "ஆமா தாயே, ஆமா தாயே" என்றோம். மறுபடி வெறும் உடுக்கை. மறுபடி நாங்கள், "ஆமா தாயே."

என் பக்கத்தில் கூழ் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இன்னாது இது, ஆமா ஆமான்னே சொல்லிகினு கீதுங்க? யாருக்கு சொல்லுதுங்க?" என்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாக என் குரல் ஓர் ஊர் முழுக்கக் கேட்டது, நான் வெயிலுக்குப் போட்டிருந்த முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. என்ன நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று அவரேதான் தள்ளியிருந்தார்.

தர்மகர்த்தா திரும்பினார். "இன்னா மாப்ள, எங்க தங்கச்சிய எங்க?"

அண்ணி குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். நிமிரவில்லை. கம்பத்தில் அடுத்த அடி தொடங்கியது, உடுக்கை மட்டும். அப்போது அண்ணி, சொம்பை அண்டாவில் முக்கிக்கொண்டே, அந்தக் காலி இடத்தை நிரப்பினார். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. பெட்டியில் பாட்டு மங்கினால் கூடப் பாடிவிடுகிற பழக்கம், கை வேலையாக இருந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது. வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

அண்ணன் ஓடினார். வேட்டி தடுக்க, கயிற்றைத் தாண்டி, மைக்செட்காரரின் மேஜைக்கு ஓடினார். டேப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு ஒயர் போகும், வெள்ளை லெஃப்டுக்கு, சிவப்பு ரைட்டுக்கு; உள்ளே போய் இரண்டும் ஒன்றாகக் கூடும். சிவப்பைப் பிடுங்கினார். "யோவ், இன்னாய்யா பண்ற?" என்று மைக்செட்காரர் கத்துவதற்குள், தள்ளுகிற இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டதால் கதவு திறந்துகொண்டது. கம்பத்துக் குழாய்களிலிருந்து அண்ணியின் குரல், வரியின் நடுவிலிருந்து, முழுசாக வந்தது. கீழே அண்ணி அதே வரியைப் பாடிக்கொண்டிருந்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் கூடின. எதுவும் காணாமல் போகவில்லை.

தர்மகர்த்தா மேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வெயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் அந்தச் சிவப்பு ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றார். விட்டால் யாராவது அக்கறையாகத் திரும்பச் செருகிவிடுவார்கள் என்ற பயம். ஒரு பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பிப் போட்டபோதும் அப்படியே நின்றார். யாரோ கொண்டுவந்து கொடுத்த கூழை இடது கையால் குடித்தார். எங்கள் கோரஸை அவர் ரைட்டில் மட்டும் வைத்திருந்தார், அந்த ஒயரில்தான் அது முழுக்கப் போனது. அதனால் அந்த ஊரில் அதற்குப் பிறகு என் குரலை யாரும் கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன் சீட்டில். திருக்கழுக்குன்றம் தாண்டியது. அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாட்டு எப்டிமே இருந்திச்சி?"

அண்ணி மடியிலிருந்த கூழ்த் தூக்கைச் சரியாக வைத்துக்கொண்டார்.

"வூட்டுக்குப் போயி அந்தப் பொட்டிக்கு ஒயரை மாட்டுங்க மொதல்ல. மாவரைச்சிகினே கேட்டுட்டு சொல்றேன்."

அண்ணன் சரியென்று தலையை ஆட்டினார். செங்கல்பட்டில் இறங்கியதும், அண்ணி வருகிறாரா என்றுகூடப் பார்க்காமல், வீட்டை நோக்கி வேகமாக நடந்தார்.